தோல் பையில் பழகிய கை

கேள்வி: அரசுப் பேருந்தில் 31 வருஷம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறாவது படிக்கும் பேரனோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட், ஜாவா எடிஷன், விளையாடுகிறேன். வீடு கட்டுவது, பயிர் வைப்பதெல்லாம் வந்துவிட்டது. ஆனால் கிட்டே வந்து வெடிக்கும் க்ரீப்பர் என்ற ஜந்து சீறினால் வாளைத் தேடுகிறேன், கையில் ரொட்டி வருகிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டி வாளைப் பிடிப்பதற்குள் வெடித்துவிடுகிறது. "சக்கரத்தைத் தொடாதீங்க தாத்தா, நம்பரை அழுத்துங்க" என்கிறான் பேரன். போன வாரம் லாவா ஓரம் நடந்துபோனபோது, வைர பிக்காக்ஸ் தானாகக் கையை விட்டு நழுவி நெருப்பில் விழுந்து எரிந்தே போய்விட்டது. வயதாகிவிட்டதால் கை நடுங்குகிறதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த நடுக்கக் கவலையை விடுங்கள் ஐயா. பிக்காக்ஸ் தானாக நழுவவில்லை. முன்னால் நடக்க நீங்கள் அழுத்துவது டபிள்யூ. அதை ஒட்டி இடப்பக்கம் இருக்கிறது க்யூ. கையில் இருப்பதைக் கீழே போடும் சாவி அதுதான். விரல் அரை அங்குலம் விலகினால் போதும், குந்தாலி லாவாவில். (ரோடு போடுகிறவர்கள் குந்தாலி என்பதைத்தான் நாம் இங்கே பிக்காக்ஸ் என்கிறோம்.) கன்ட்ரோல் சாவியை அழுத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது க்யூவில் கை பட்டால் இன்னும் மோசம். 64 டார்ச் (தீப்பந்தம்) ஒரு கட்டாக இருந்தால் கட்டோடு போய்விடும். இருபது வயதுப் பையன்களும் இப்படித்தான் வைரத்தை லாவாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். ஆப்ஷன்ஸ் உள்ளே கன்ட்ரோல்ஸ், அதில் கீ பைண்ட்ஸ் என்று போய், கீழே போடும் வேலையை க்யூவிலிருந்து எடுத்து, இடது கை எட்டாத ஏதாவது ஒரு சாவிக்கு மாற்றிவிடுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

இனி வாள் விஷயம். க்ரீப்பர் சீற ஆரம்பித்து வெடிக்க ஒன்றரை நொடி. அதற்குள் கண்ணால் தேடி எடுக்க யாராலும் ஆகாது. உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கூட்டம் பிதுங்கும் பேருந்தில், எந்த விலை டிக்கெட் கட்டு எங்கே, பத்து ரூபாய் நோட்டு எந்த விரலிடுக்கில், சில்லறை தோல் பையின் எந்த அறையில் என்று குனிந்து பார்த்தா கொடுத்தீர்கள்? கை தானே போனது. ஒரு நாள்கூட இடம் மாற்றி வைக்காததால்தான் அது போனது. திரையின் அடியில், 1 முதல் 9 வரை நம்பர் சாவிகளால் எடுக்கும் ஒன்பது கட்டங்களும் அதே தோல் பைதான்.

என் வரிசையைச் சொல்கிறேன். 1 வாள், 2 பிக்காக்ஸ், 3 உடைத்த பாறைக்கல், 4 சாப்பாடு. இடது கையை நகர்த்தாமல் விரல் எட்டுவது இந்த நாலுக்குத்தான், அதனால் உயிர் காப்பவை இங்கே இருக்கட்டும். கல் எதற்கு என்பீர்கள். க்ரீப்பருக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு கல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினால், தூரம் கூடியதும் அது சீறலை நிறுத்திவிடும். பல நேரம் வாளை விட இது மேல். 5 கோடரி, 6 டார்ச். 7, 8 காலியாகவே கிடக்கட்டும். 9 தண்ணீர் வாளி, தீப்பிடித்தால் அணைக்க.

வாளியை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், மவுஸ் சக்கரம் ஒன்பதைத் தாண்டியதும் ஒன்றுக்கே திரும்பும். அதாவது ஒன்றும் ஒன்பதும் பக்கத்து வீடுகள். வாள் கையில் இருக்கும்போது சக்கரத்தின் ஒரே ஒரு உருட்டலில் தண்ணீர் வந்துவிடும். பேரன் சொல்வது பெரும்பாலும் சரி, 1 முதல் 4 வரை நம்பரையே அழுத்துங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் தாத்தாவின் சக்கரம் ஜெயிக்கும்.

மண்வெட்டியைக் காணோமே என்று பேரன் கேட்பான். பெட்டியில் இருக்கட்டும். மண்ணை வெறுங்கையாலும் தோண்டலாம், அதற்காக ஒரு கட்டத்தை அடைப்பது வீண்.

வரிசை கலைவது பெரும்பாலும் நம் கவனக்குறைவால் அல்ல, விளையாட்டின் சுபாவத்தால். கீழே கிடப்பதை எடுத்தால், முன்பே அதே பொருள் இருக்கும் கட்டுக்குப் போகும். இல்லையென்றால் இடமிருந்து வலமாக முதலில் காலியாக இருக்கும் கட்டத்தில் போய் உட்காரும். வேலை நடுவே இரும்பு பிக்காக்ஸ் உடைந்தது என்று வையுங்கள். இரண்டாம் கட்டம் காலி. அடுத்த நொடியே ஏதோ விதையோ எலும்போ அங்கே குடியேறிவிடும். இரும்புக் கருவிக்கு ஆயுள் 250 தடவை, வைரத்துக்கு 1561. கருவிக்குக் கீழே உள்ள கோடு சிவப்பானதும் மாற்றிவிடுங்கள். மாற்றுவதும் சுலபம்: ஈ சாவியால் எல்லாப் பொருளும் இருக்கும் பெரிய பையைத் திறந்து, புதுக் கருவிமேல் மவுஸை வைத்து 2 என்று அழுத்தினால், அது இரண்டாம் கட்டத்துக்குப் போய், பழையது அங்கே வந்துவிடும். இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மாற்றுக்காக நாலு பிக்காக்ஸ் சுமக்காதீர்கள், கருவிகள் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று சேராது, ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைத் தின்னும். பையில் இரும்புக் கட்டி, குச்சி, கருவி செய்யும் மேசையான கிராஃப்டிங் டேபிள் என்று மூன்று கட்டம் போதும். மூன்று இரும்பு, இரண்டு குச்சியில் ஒரு பிக்காக்ஸ்.

சுரங்கத்தில் இறங்கும்போது டார்ச்சைக் கையில் எடுத்து எஃப் அழுத்தினால் விளையாட்டில் இருக்கும் உங்கள் உருவத்தின் இடது கைக்குப் போய்விடும். 2016-இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. வலது கையில் பிக்காக்ஸ், இடது கையில் வெளிச்சம். வெளியே வந்ததும் இடது கைக்குக் கேடயம். ஏதாவது கருவி திடீரென்று காணாமல் போனால், பதறாமல் இடது கையைப் பாருங்கள், தெரியாமல் எஃப் பட்டிருக்கும்.

செத்துப்போனால் பொருள்கள் விழுந்த இடத்திலேயே ஐந்து நிமிஷம் கிடக்கும். ஓடிப்போய் அள்ளும்போது வரிசை தாறுமாறாகத்தான் வரும். அங்கேயே வெட்டவெளியில் நின்று அடுக்காதீர்கள். கல் வைத்து நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு உள்ளே நின்று அடுக்குங்கள்.

பழகுவதற்கு, விளையாட்டின் கடுமையை ஒரு நாள் எதிரிகள் வராத பீஸ்ஃபுல் என்று மாற்றி வைத்துவிட்டு, பேரனை "வாள்", "கல்", "தண்ணி" என்று கத்தச் சொல்லி நீங்கள் திரையின் அடியைப் பார்க்காமல் எடுத்துக் காட்டுங்கள். அவனுடைய வரிசை வேறாக இருந்தால் இருக்கட்டும், அதைக் காப்பியடிக்க வேண்டாம்.

எரிந்த பிக்காக்ஸுக்குப் பதில் இன்னொன்று செய்ய மூன்று வைரம் வேண்டும். எஃப்3 அழுத்தினால் தெரியும் ஒய் எண் (நீங்கள் நிற்கும் உயரம்) மைனஸ் 59 பக்கம் வரும்வரை இறங்குங்கள், வைரம் அங்கேதான் அதிகம். மைனஸ் 54-க்குக் கீழே குகைகளில் லாவா தேங்கி நிற்கும். ஒன்பதில் வாளி இருக்கிறதா என்று ஏணியில் கால் வைக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.