வாசகர் கேள்வி பதில்: கடலின் மிதவை விலங்குகள்

கேள்வி: கூனி இறாலையும் மிதவையுயிரி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத்தானே அப்படிச் சொல்வார்கள்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உடலின் அளவை வைத்து இதை முடிவு செய்வதில்லை. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும் வலுவின்றி, அது கொண்டுபோகும் திசையில் போகும் உயிர்கள் எல்லாமே மிதவையுயிரிகள். அவற்றுள் பிற உயிர்களை உண்டு வாழ்பவை விலங்கு மிதவையுயிரிகள். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள ஒற்றைச் செல் உயிரியும், உங்கள் ஊர் மீனவர்களின் வலையை நிறைத்துத் தொல்லை தரும் சொறிமீனும் (ஜெல்லிமீன்) இந்த ஒரே கணக்கில் வருகின்றன. கரையோரத்தில் திரளாக மிதந்து வரும் கூனியும் அப்படியே.

கரையருகே நுண்கண் வலை ஒன்றைச் சிறிது நேரம் இழுத்து, அதன் அடிக்குப்பியில் சேர்ந்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் கண்ணில் படுபவை இறாலின் தூரத்து உறவினங்களான கோப்பிபாடுகள்தான். அரிசிக் குருணையைப் போன்ற உடல், இருபுறமும் விரியும் நீண்ட உணர்கொம்புகள், பலவற்றுக்கு நெற்றி நடுவே ஒரே ஒரு சிவந்த கண். ஓரிடத்தில் அசையாமல் நின்று, திடீரென்று ஒரு தாவலில் பார்வைப் பரப்பைவிட்டே போய்விடும். பெரும்பாலான கடல்களில் வலையில் சேரும் விலங்குகளில் பாதிக்கு மேற்பட்டவை இவையே. இவற்றை வேட்டையாடும் கண்ணாடி போன்ற அம்புப் புழுக்களும், நெற்றியிலும் முதுகிலும் நீண்ட முள் கொண்ட நண்டின் இளவுயிரிகளும், கொட்டலசின் குஞ்சுகளும், மீன் முட்டைகளும் இடையிடையே தென்படும். கோப்பிபாடும் அம்புப் புழுவும் வாழ்நாள் முழுவதும் மிதப்பவை. நண்டும் கொட்டலசும் இளமையில் சில நாள்களோ வாரங்களோ மட்டும் மிதந்துவிட்டு அடித்தரைக்கோ பாறைக்கோ போய்விடுபவை. அதனால்தான் கரையோர நீரில் காணும் கலவை, நடுக்கடலில் காணும் கலவையைப் போல இருப்பதில்லை.

கேள்வி: திமிங்கலங்கள் இரைக்காக அண்டார்க்டிகா வரை போகின்றன. அப்படியானால் மிதவை விலங்குகளின் வகைகளும் அங்கேதான் மிகுதியா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை. மொத்த அளவும் வகைகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில்தான் போகின்றன. திமிங்கலங்களின் இரையான, இறாலைப் போன்ற அண்டார்க்டிக் கிரில் முழு வளர்ச்சியில் ஆறு சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆயினும் அந்த ஒரே இனத்தின் மொத்த எடை பல கோடி டன்களாக மதிப்பிடப்படுகிறது. துருவக் கடல்களில் ஒளியும், மிதவை விலங்குகளுக்கு உணவாகும் நுண்பாசியின் வளர்ச்சியும் ஆண்டில் சில மாதங்களுக்கே கிடைப்பதால், அந்தக் குறுகிய காலத்தில் நிறைய உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த சில இனங்களே அங்கே ஓங்கியிருக்கின்றன. வட அட்லாண்டிக்கின் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்னும் கோப்பிபாடு உடலுக்குள் ஓர் எண்ணெய்ப் பையை நிரப்பிக்கொண்டு, பல நூறு மீட்டர் ஆழத்தில் குளிர்காலத்தை ஏறத்தாழ உறக்க நிலையில் கழிக்கிறது.

வெப்பமண்டல, துணைவெப்பமண்டலப் பெருங்கடல்களிலோ உணவு குறைவு. ஆனால் ஆண்டு முழுவதும் நீரின் நிலை அவ்வளவாக மாறுவதில்லை. அங்கே ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக எடுத்த மாதிரிகளில் கோப்பிபாடுகள் மட்டுமே நூறு இனங்களைத் தாண்டலாம். ஒவ்வோர் இனத்திலும் சில உயிர்களே இருக்கும். ஆழத்திலும் இதே முரண் தொடர்கிறது: கீழே போகப் போக உயிர்களின் எண்ணிக்கை விரைந்து குறைய, இனங்களின் எண்ணிக்கையோ நடு ஆழங்கள் வரை கூடிக்கொண்டே போகிறது. எனவே பல்வகைமை மிகுந்த கடலை மீன்வளம் மிகுந்த கடல் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: கரையில் நிற்பவருக்கு அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மிதவை விலங்குகளுக்குத் தெரியுமா?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: நன்றாகவே தெரியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகைகளில், ஒரே பருவக்காற்றின் கீழ் இருந்தும், வங்கக்கடலில் மிதவை விலங்குகளின் அளவு பொதுவாக அரபிக்கடலைவிடக் குறைவு. காரணம் நன்னீர். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை கொண்டுவரும் வெள்ளமும் பெருமழையும் வங்கக்கடலின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த, எடை குறைந்த ஓர் அடுக்காகப் பரவி நிற்கின்றன; காற்றால் அந்த அடுக்கை எளிதில் கலக்க முடிவதில்லை; கீழே உள்ள நைட்ரேட் முதலிய ஊட்டங்கள் ஒளி படும் நீருக்கு வந்து சேர்வதில்லை. கடற்சுழல்களோ புயலோ அந்த அடுக்கைக் குலைக்கும் இடங்களில் மட்டும் பாசியும், அதைத் தொடர்ந்து மிதவை விலங்குகளும் பெருகுகின்றன.

அரபிக்கடலில் நிலைமை நேர்மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது சோமாலியா, ஓமன் கரைகளிலும், ஓரளவு கேரளக் கரையிலும், குளிர்ந்த கீழ்நீர் மேலெழுகிறது. குளிர்காலத்தில் நிலப்பகுதியிலிருந்து வரும் வறண்ட வாடைக்காற்று வட அரபிக்கடலின் மேல்நீரைக் குளிர்வித்துக் கனக்கச் செய்ய, அது அமிழ்ந்து கீழ்நீரோடு கலக்கிறது. வியப்பு என்னவென்றால், இவ்விரண்டு பருவங்களுக்கும் இடையில், கடல் அமைதியாகிப் பாசி அருகிவிடும் மாதங்களிலும், மேல் அடுக்கில் உள்ள மிதவை விலங்குகளின் அளவு எதிர்பார்த்தபடி சரிவதில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் மதுபிரதாப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் இதை ஆராய்ந்து, ‘அரபிக்கடல் முரண்’ என்று அது பேசப்படும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பாசி குறைந்த காலத்தில் பாக்டீரியாக்களும், அவற்றைத் தின்னும் ஒற்றைச் செல் உயிரிகளும் பெருகி, கோப்பிபாடுகளுக்கு மாற்று உணவாகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு இது இந்தியக் கடலாய்வின் மிக அழகிய முடிவுகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரபிக்கடலில் சுமார் 150 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரையிலான நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதன் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலான மிதவை விலங்குகளுக்கு அது தாண்ட முடியாத எல்லையாக இருப்பதால், அவை மேலே உள்ள மெல்லிய அடுக்கில் நெருங்கி வாழ்கின்றன. புளூரோமம்மா இண்டிகா என்னும் கோப்பிபாடு விதிவிலக்கு. உடலின் ஒரு பக்கத்தில் கரும்பொட்டு ஒன்று கொண்ட இந்த விலங்கு பகலில் அந்த மூச்சற்ற நீரில் இறங்கியிருந்து, இரவில் மேலே வந்து உண்கிறது.

கேள்வி: மிதவை விலங்குகள் இரவில் மட்டும் மேலே வருவானேன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: மேல்நீரில் உணவு இருக்கிறது; பகலில் அங்கே பார்த்துப் பிடிக்கும் மீன்களும் இருக்கின்றன. அதனால் இருளில் உண்டுவிட்டு விடியும்முன் இறங்கிவிடுகின்றன. 1942-இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் ஒலியலைக் கருவிகளைச் சோதித்த அமெரிக்கர்கள், சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு பொய்யான கடல்தரையைக் கண்டார்கள். அது மாலையில் எழும்பி காலையில் தாழ்ந்தது. நாள்தோறும் ஏறி இறங்கும் விலங்குகளின் திரளே அந்தத் ‘தரை’ என்பது பின்னரே தெளிவாயிற்று.

கேள்வி: இவ்வளவு பெரிய கடலில் இவற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்தக் கணக்கை நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 40 கப்பல்கள் பங்கேற்றன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வலையை இட்டால் ஒப்பிட முடியாது என்பதால், வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டரும் வலைக்கண் 0.33 மில்லிமீட்டரும் கொண்ட ஒரே வகை வலையை வடிவமைத்து, 200 மீட்டர் ஆழத்திலிருந்து நேர் மேலாக இழுத்தார்கள். ஓர் இழுப்பில் சுமார் 200 கன மீட்டர் நீர் வடிகட்டப்படும். ஃபார்மலினில் இட்ட அந்த மாதிரிகள் கொச்சியில் இதற்கென்றே அமைந்த மையத்தில் வகை பிரிக்கப்பட்டு, இந்தியப் பெருங்கடலுக்கான பரவல் வரைபடங்கள் உருவாயின.

இடத்துக்கு இடம் ஒப்பிட அந்தக் கணக்கை நம்பலாம். முழு எண்ணிக்கையாக நம்பக் கூடாது. ஆய்தோனா போன்ற சிறு கோப்பிபாடுகளும் பிறவற்றின் குஞ்சுகளும் அந்த வலைக்கண் வழியாக நழுவிவிடும். மென்மையான சொறிகள் வலையில் சிதைந்துபோகும். விரைந்து நீந்தும் கிரில் வகைகள் வலை வருவதை உணர்ந்து விலகிவிடும். பகலில் இட்ட வலையும் இரவில் இட்ட வலையும் ஒரே இடத்தில் வேறு வேறு கதை சொல்லும்.

கேள்வி: கடல் சூடாவதால் இவை இடம் மாறுகின்றனவா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வட அட்லாண்டிக்கில் மாறியிருக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று உண்டு. பிரிட்டிஷ் கடலுயிரியலாளர் ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த ஒரு பதிவுக் கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் தம் பின்னால் இழுத்துச் செல்கின்றன. கருவிக்குள் மெல்ல நகரும் பட்டுத் துணியில் வழிநெடுகிலும் உள்ள மிதவையுயிரிகள் படிந்துவிடுகின்றன. அந்தத் துணிகளை ஒப்பிட்டபோது, வெதுநீர்க் கோப்பிபாடுகள் சுமார் நாற்பது ஆண்டுகளில் அட்சரேகையில் ஏறத்தாழ 10 பாகை வடக்கே நகர்ந்திருந்தன. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில் முன் சொன்ன கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் குறைந்து, அதன் உறவினமான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னது பெருகுவது வசந்தத்தில், காட் மீனின் குஞ்சுகள் பொரிந்து இரை தேடும் காலத்தில். பின்னது பெருகுவதோ அந்தக் குஞ்சுகளுக்குப் பயன்படாத இலையுதிர்காலத்தில்.