அக்கா வருகிறார், அடுப்படியில் யார்?

கேள்வி: கோவில்பட்டியிலிருந்து என் அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள் ஆகிய ஐவரும் மே மாதத்தில் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கிச் சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். ஏழு நாட்களுக்கும் பதினான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு நாட்கள்தான் விடுப்பு. மற்ற நாட்களில் மனைவி பார்த்துக்கொள்வார். அவரும் வேலைக்குப் போகிறவர். ஆனால் அவரோ, “விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
– ஒரு வாசகர், கொரட்டூர்

பதில்: உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். வாடகைக் கார் வந்து நிற்க வேண்டிய நேரம் முதல் மெரினாவில் சுண்டல் வாங்க வேண்டிய நேரம் வரை அதில் இருக்கிறது. ஏழு நாட்களுக்கும் முதல் வரி ஒன்றேதான்: “காலை 6.30, சிற்றுண்டி முடித்துப் புறப்பாடு.” உங்கள் மகளையும் சேர்த்து எட்டுப் பேர் ஆறரை மணிக்குச் சிற்றுண்டி முடித்திருக்க வேண்டுமானால், முதல் நாள் இரவே ஒருவர் மாவு அரைத்து வைத்திருக்க வேண்டும், அதே ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சட்டினி தாளித்திருக்க வேண்டும். அந்த ஒருவரின் பெயர் பட்டியலில் எங்கும் இல்லை. இரண்டு நாட்கள் விடுப்பு எடுக்கும் நீங்கள் ஐந்து நாட்கள் விடுப்பை உங்கள் மனைவியின் கணக்கில் எழுதிவிட்டு, அவருக்குப் புரிய வைக்க வழி கேட்கிறீர்கள். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. மூன்று நாள் என்று அவர் சொன்னதே தாராளம் என்பது என் கருத்து.

பட்டியலாவது சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. திங்கட்கிழமை மெரினா கலங்கரை விளக்கத்தில் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் திங்கள் விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவைச் செவ்வாய்க்கிழமையில் போட்டிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் சில வேளைகளில் முன்னரே அறிவித்துவிட்டுத் திறப்பார்களே தவிர, வழக்கமாக அது செவ்வாயன்று மூடியிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் ஒதுக்கிய வெள்ளிக்கிழமைதான் அதன் வார விடுமுறை. தவறாமல் மூடிய கதவுகளாகவே தேடிப் பிடிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

பதினான்கில் நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கில் அருங்காட்சியகம் கட்டாயம் இருக்கட்டும். 1851இல் தொடங்கிய அந்த இடத்தில் திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் சொல்லும் காரணம். உங்கள் அக்கா குடும்பத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்களுடைய தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்தெடுத்த பொருட்கள் வந்து சேர்ந்த இடம் அது. சொந்த மண்ணில் கிடைத்தவற்றை அறுநூறு கிலோமீட்டர் கடந்து வந்து பார்க்கும் பிள்ளைகள், வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டைவிட அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். கொரட்டூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமே எழும்பூர். இதற்குக் கார் எதற்கு? கத்திரி வெயில் கொளுத்தும் நண்பகலைக் கூரைக்கடியில் கழித்தது போலவும் ஆகும்.

காரை மாமல்லபுரத்துக்கு வையுங்கள். இருட்டோடு கிளம்பினால், காலை ஆறு மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விட்டு, பாறை சுடத் தொடங்குமுன் திரும்பிவிடலாம். அருச்சுனன் தபசில் முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஐந்து ரதங்களின் முன்னால் நிற்கும்போது, கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கழுகுமலையில் பாண்டியர்கள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டுச்சென்ற வெட்டுவான் கோயிலை அவர்கள் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பார்த்ததில்லை என்றால், அடுத்த விடுமுறைக்கு நீங்கள் அங்கே போய்த் தங்க நல்ல காரணம் கிடைத்துவிடும்.

வண்டலூர் ஏறத்தாழ 600 ஹெக்டேர். உங்கள் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடி. அன்றைக்கு வேறெதையும் சேர்க்காதீர்கள். மெரினாவுக்கு மாலையில் போங்கள்; கடலுக்குப் பழகாத பிள்ளைகளைக் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் செய்யுங்கள், அங்கே அலை உள்ளே இழுக்கும். ரங்கநாதன் தெரு உங்கள் பட்டியலில் இல்லாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. எப்படியும் அக்கா அதைக் கேட்பார். அதற்கு நீங்கள் வழிகாட்ட வேண்டியதில்லை. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் தெருவே வந்து எதிர்கொள்ளும். அக்காவும் அவருடைய பெண்களும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமின்றிப் போய்வரலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். ஒரு வாரமும் நம்மை நம்பியே வெளியே போக வேண்டியிருப்பது வந்தவர்களுக்கும் சங்கடம்தான். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

சமையலுக்கு வருகிறேன். வெளியே கிளம்பும் நாட்களில் காலைச் சிற்றுண்டி உணவகத்தில்தான் என்று முடிவு செய்யுங்கள். அத்தான் பணம் கொடுக்க முன்வந்தால், மாப்பிள்ளையிடம் வாங்குவதா என்று கையைத் தடுக்காதீர்கள். அவருக்கும் கௌரவம் உண்டு. மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள்; தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கி வரவும் காய்கறி வாங்கி வரவும் அவன் போதும். எட்டுப் பேருக்கு ஒரே குளியலறை என்பதால், யார் எப்போது குளிப்பது என்பதற்கு வேண்டுமானால் ஒரு பட்டியல் போடுங்கள். அந்தக் கலை உங்களுக்கு நன்றாக வருகிறது.

இன்னும் இரண்டு நாட்கள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கிடைத்த பிறகு பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, புதியதை உங்கள் மனைவியையே எழுதச் சொல்லுங்கள். எந்த நாளில் யாரும் எங்கும் போகாமல் வீட்டிலேயே படுத்துக் கிடப்பது என்பதை அவர் முதலில் குறிக்கட்டும். அக்காவுக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லும் வேலை உங்களுடையது.