ஒரு ஓட்டு, அரை ஓட்டு, கால் ஓட்டு: நவூரு தேர்தல் கேள்வி பதில்

பசிபிக் கடல் நடுவே 21 சதுர கிலோமீட்டர் தீவு. சுமார் 12,000 பேர். அவர்களுக்கு 19 எம்.பி.க்கள். நவூருவின் பொதுத்தேர்தல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தேர்தல் முறைகளை நோண்டிப் பார்ப்பது எனக்குப் பழைய வியாதி, அதனால் சில பதில்கள் நீளும்.

கணக்கு டீச்சர்: அங்கே ஓட்டைப் பின்னத்தில் எண்ணுகிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான் டீச்சர். சீட்டில் இருக்கும் அத்தனை வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். பதினைந்து பேர் நின்றால் பதினைந்து எண். பாதியில் நிறுத்தினால் சீட்டு செல்லாது. 1 போட்டவருக்கு முழு ஓட்டு, 2-க்கு அரை, 3-க்கு மூன்றில் ஒரு பங்கு, 4-க்குக் கால். இப்படியே குறைந்துகொண்டு போகும். எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகுதிக்கு எத்தனை இடமோ அத்தனை பேரை மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு இடம், அ, ஆ, இ என்று மூன்று பேர், 100 சீட்டு. 40 பேர் அ-இ-ஆ என்று வரிசைப்படுத்துகிறார்கள். 35 பேர் ஆ-இ-அ. மீதி 25 பேர் இ-ஆ-அ. இப்போது கூட்டுங்கள். அ: 40 முழு ஓட்டு, 60 மூன்றில் ஒரு பங்கு, ஆக 60. ஆ: 35, அதோடு 12.5, அதோடு 13.33, ஆக 60.83. இ: 25, அதோடு 37.5, ஆக 62.5. அதிகம் பேர் முதலிடம் கொடுத்த அ வீட்டுக்குப் போகிறார். குறைவான பேர் முதலிடம் கொடுத்த இ முதலாவதாக வருகிறார்!

யாழ்ப்பாணத்தான்: எங்கள் ஜனாதிபதித் தேர்தல் விருப்பு வாக்கு மாதிரியோ?

எண் போடுவது மட்டும்தான் ஒற்றுமை. உங்களிடம் முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால்தான், முதல் இருவரைத் தவிர மற்றவர்களைக் கழித்துவிட்டு, அவர்களுடைய சீட்டுகளில் 2, 3 என்று போட்ட விருப்பு வாக்கைப் பார்ப்பார்கள். 2024-ல்தான் முதல்முறையாக அந்தத் தேவை வந்தது. அப்போதும் அது முழு ஓட்டாகவே சேரும். நவூருவில் யாரையும் கழித்துவிடுவது கிடையாது, ஒரே சுற்றில் எல்லா எண்ணும் சேர்ந்துவிடும்.

டீக்கடை பெஞ்ச்: இப்படி யோசித்த மகான் யார்?

டெஸ்மண்ட் டௌடால் என்ற அயர்லாந்துக்காரர். நவூருவில் நீதித்துறைச் செயலாளராக இருந்தவர். 1971-ல் இந்த முறை வந்தது, அவர் பெயரிலேயே டௌடால் முறை என்கிறார்கள். அதற்கு முன்பு ஆஸ்திரேலிய பாணி விருப்ப ஓட்டுதான் இருந்தது, கடைசியில் இருப்பவரைக் கழித்துக்கொண்டே போகும் முறை.

முதல் ஓட்டு: எந்தக் கட்சி பெரிய கட்சி?

கட்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பெரும்பாலும் எல்லோரும் சுயேச்சை. ஜெயித்து வந்தபிறகு அணி சேர்வார்கள், பிரிவார்கள், மறுபடி சேர்வார்கள். அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.பி.க்கள்தான் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்துப் பேர் கையில் இருந்தால் ஆட்சி. ஒருவர் மனம் மாறினால் போச்சு. 2011 நவம்பரில் மார்கஸ் ஸ்டீபன் பதவி விலக, ஃப்ரெடி பிட்சர் வந்து சில நாளில் கவிழ, ஸ்ப்ரென்ட் டப்விடோ வந்தார். ஒரே வாரத்தில் மூன்று அதிபர்கள்.

ரிசல்ட் ரசிகை: இரண்டு அணியும் சமமாக வந்தால்?

வந்திருக்கிறது. 2010-ல் அவையில் 18 இடம். அது 9க்கு 9 என்று நின்று அவை நகரவில்லை என்றுதான் ஏப்ரலில் தேர்தல் வைத்தார்கள். மக்கள் பழைய 18 பேரையும் அப்படியே திருப்பி அனுப்பினார்கள்! ஜூனில் மறுபடி தேர்தல், அப்போதும் முடிச்சு அவிழவில்லை. சிக்கல் சபாநாயகர் நாற்காலியில். அதில் உட்காருபவர் சாதாரணமாக ஓட்டுப் போட முடியாது. யாருடைய ஆள் அங்கே போகிறாரோ அந்த அணிக்கு ஒரு ஓட்டு நஷ்டம், 9 எட்டாகிவிடும். அதனால் எந்த அணிக்கும் ஆள் கொடுக்க மனமில்லை. நடுவில் ஏற்பாடு செய்ததும் நிலைக்கவில்லை. நாட்டில் அவசர நிலை. கடைசியில் நவம்பர் 1 அன்று எதிரணியிலிருந்த முன்னாள் அதிபர் லுட்விக் ஸ்காட்டி சபாநாயகராக ஒத்துக்கொண்டார், மார்கஸ் ஸ்டீபன் மறுபடி அதிபரானார். அப்புறம் மெனெங் தொகுதிக்கு ஒரு இடம் கூட்டி, 2013 தேர்தலிலிருந்து அவையை 19 ஆக்கிவிட்டார்கள். ஒற்றைப்படை எண்ணின் அருமை அப்போதுதான் புரிந்தது போலும். ஸ்டீபன் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய பளுதூக்கும் வீரர். இதைவிட அது லேசாக இருந்திருக்கும்.

சோம்பேறி: ஓட்டுப் போடாவிட்டால்?

போட்டுத்தான் ஆக வேண்டும், கட்டாயம். வயது 20 ஆகியிருக்க வேண்டும். நிற்க ஆசைப்பட்டால் காசு வேண்டும்: 100 ஆஸ்திரேலிய டாலராக இருந்த வேட்புமனுக் கட்டணத்தை 2016-ல் 2,000 ஆக்கினார்கள். இருபது மடங்கு! சாமானியரை வாசலிலேயே நிறுத்தும் வேலை இது, எனக்கு உடன்பாடில்லை.

செய்தி வாசிப்பவன்: தைவானை விட்டுச் சீனாவிடம் போனது தேர்தல் முடிவா?

இல்லை. 2022 செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு அதிபரானவர் ரஸ் குன். 2023 அக்டோபரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவரை இறக்கிவிட்டு டேவிட் அடியாங் வந்தார். 2024 ஜனவரி 15 அன்று தைவானுடன் தூதரக உறவை விட்டுச் சீனா பக்கம் மாறினார்கள். இடையில் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 2002-ல் சீனா, 2005-ல் மறுபடி தைவான் என்று ஏற்கெனவே ஒரு சுற்று போய்வந்த நாடுதான்.

பாதி ஆகாயம்: பெண் எம்.பி.க்கள்?

மிகக் குறைவு. 1986-ல் ரூபி தெடியா முதல் பெண்ணாக ஜெயித்தார். அடுத்த பெண் சார்மெய்ன் ஸ்காட்டி 2013-ல்தான் வந்தார்.

கணக்கு டீச்சர் (மறுபடி): உங்கள் கணக்கில் அ தோற்றதற்கு யார் காரணம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவருடைய ஆட்களே! அந்த 40 பேர் இ-க்கு இரண்டாம் எண் கொடுத்தார்களே, அதில் மட்டும் 20 மதிப்பு அவருக்குப் போனது. அதே 40 பேர் அ-ஆ-இ என்று போட்டிருந்தால் ஆ 67.5, அ அதே 60, இ 55.83. ஆ-வும் அ-வும் உள்ளே, இ வெளியே. தங்கள் ஆளின் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏற்றாமல் அவரை ஜெயிக்க வைத்திருக்கலாம்.