அந்தப் பிட்டர் கெட்டுப்போனதா, இல்லை அப்படித்தான் இருக்குமா?

புளித்ததா, தம்பி? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

லீட்ஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் பப்புக்குக் கூட்டிப்போய் ‘பிட்டர்’ என்று ஒரு பைண்ட் பீர் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) கையில் கொடுத்தார்கள், வெதுவெதுவென்று இருந்தது, கேஸே இல்லை, வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ‘நைஸ்’ என்று சொல்லிவிட்டுப் பாதியை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன், அது கெட்டுப்போன பீரா, அந்தச் சரக்கே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வெள்ளி உங்கள் ரவுண்டு, அதாவது எல்லோருக்கும் நீங்கள் வாங்கித்தர வேண்டிய முறை, எதைப் பார்த்து வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி.

குளிர்ச்சி குறைவு, கேஸ் குறைவு, கசப்பு. மூன்றும் அந்தப் பீரின் பிறவிக்குணம். அவற்றை வைத்து அது கெட்டதா என்று சொல்ல முடியாது. புளிப்பை வைத்துச் சொல்லலாம். இதை நான் வயிற்றைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் இந்த யார்க்‌ஷயருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம், உங்களைப் போலவே ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு பப்பில் ஒரு பைண்ட் பிட்டர். முதல் வாயிலேயே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி இருந்தது. ‘வெள்ளைக்காரன் ருசி இதுதான் போல, நாமும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் கிளாஸ் இறக்கிவிட்டேன். பக்கத்தில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கேட்காமலே என் கிளாஸை எடுத்து முகர்ந்தார். ‘இது போய்விட்டதப்பா’ என்று சொல்லிக் கவுன்டரில் வைத்தார். அங்கே நின்ற பெண்ணும் ஒரு முறை முகர்ந்தாள், பம்ப் கைப்பிடியில் மாட்டியிருந்த பீரின் பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தாள், வேறு ஒரு பைண்ட் பிடித்துக் கொடுத்தாள். வாக்குவாதம் இல்லை, காசும் இல்லை. மரியாதைக்காக வினிகர் குடித்தது நான் ஒருவன்தான்.

அன்றைக்குப் புரிந்தது, இங்கே கேள்வி இரண்டு என்று. எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது ஒன்று. பப்காரர் இதை ஒழுங்காக வைத்திருக்கிறாரா என்பது வேறொன்று. பாகற்காய் பிடிக்காதவன்கூடப் பாகற்காய்ப் பொரியல் தீய்ந்திருந்தால் சொல்லிவிடுவான் அல்லவா? 1971-இல் தொடங்கிய காம்ரா என்ற பீர் ரசிகர் இயக்கம் இதற்கென்றே ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறது. குடிக்கவே முடியாது என்றால் 0, அப்பழுக்கில்லை என்றால் 5, நடுவில் 3 வந்தாலே நல்ல பீர். அந்த மதிப்பெண் பீர் எந்த நிலையில் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும். உங்களுக்கு அந்த ரகமே ஆகாது என்பதற்காகக் குறைக்கக் கூடாது.

எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கையால் இழுக்கும் பம்பிலிருந்து வருகிற பிட்டர் உயிருள்ள சரக்கு. நம் ஊரில் மரத்திலிருந்து இறக்கின கள் காலையில் இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். இதுவும் அந்த ஜாதிதான், கொஞ்சம் நிதானமாகப் புளிக்கும், அவ்வளவுதான். டாஸ்மாக்கில் ‘கூலிங் இருக்கா’ என்று கேட்டு வாங்குகிற பாட்டில் வேறு. அதில் ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்து, கேஸை ஏற்றி அடைத்திருப்பார்கள். இங்கே பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு வருகிறது. பப்பின் நிலவறையில் வந்த பிறகும் நொதிக்கிறது, தனக்கு வேண்டிய கேஸைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சாதாரணப் பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைண்ட். ஒவ்வொரு பைண்ட் இழுக்கும்போதும் அந்த அளவுக்குக் காற்று உள்ளே போகிறது. அதனால் திறந்த மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். நான்காம் நாள் வாங்குகிறவன் தலையில் புளிப்பு விழும்.

எங்கள் தெருமுனைப் பப்காரர் ஒரு தடவை என்னைக் கீழே அழைத்துப்போனார். குறுகலான கல் படி, ஈரக்கல்லும் ஈஸ்ட்டும் கலந்த வாசம், பீப்பாய்கள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. மேல்பக்கம் ஒரு துளை, அதில் விரல் கனத்துக்கு ஒரு மர ஆப்பு. அதைப் பிடுங்கினார் பாருங்கள், சோற்று உலை பொங்குகிற மாதிரி நுரை பொங்கி விளிம்பில் வழிந்தது. துணியால் துடைத்துவிட்டு, காற்று கசிகிற மெத்தென்ற ஆப்பு ஒன்றைச் செருகினார். பொங்குவது அடங்கியதும் கெட்டி ஆப்பைப் போட்டுக் கேஸை உள்ளேயே நிறுத்துவாராம். அடுத்த பீப்பாயிலிருந்து கிளாஸில் கொஞ்சம் பிடித்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். கலங்கல். ‘நாளைக்கு’ என்றார். அந்த ஒரு நாளுக்குப் பொறுமை இல்லாத பப்பில்தான் பாதி வம்பு.

கலங்கல் அடியில் இறங்குவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்ப்பது வழக்கம். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், அதைச் சேர்க்காமல் விடுகிற மதுவடிசாலைகள் இப்போது நிறைய இருக்கின்றன. அந்தப் பீர் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அது குற்றமில்லை.

சரி, ருசிக்கு வருவோம். உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கீத்லியில் டிமதி டெய்லர் கம்பெனி காய்ச்சுகிற லேண்ட்லார்ட் என்ற பீர். 1858-இல் தொடங்கிய கம்பெனி, ஊற்றுத் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள். பம்பிலிருந்து வருவதில் ஆல்கஹால் 4.3 சதவீதம். பிரிட்டனின் சிறந்த பீர் என்ற காம்ராவின் பட்டத்தை நான்கு முறை வாங்கியது. பெயர்ப்பலகையில் ‘பேல் ஏல்’ என்று இருக்கும், பழைய ஆட்கள் பிட்டர் என்பார்கள். குழம்ப வேண்டாம். காய்ச்சியவர்கள் வைத்த பெயர் பேல் ஏல், கசப்பு குறைந்த ‘மைல்ட்’டிலிருந்து பிரித்துச் சொல்லக் குடித்தவர்கள் வைத்த பெயர் பிட்டர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பலேற்றி இந்தியத் துறைமுகங்களுக்கு அனுப்பிய பேல் ஏலுக்குத்தான் இந்தியா பேல் ஏல் என்று பெயர் வந்தது. நம் ஊர் வெயிலுக்குப் போன சரக்கின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் நீங்கள் லீட்ஸ் குளிரில் பாதி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பாதிப் பைண்ட் வாங்குங்கள், ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. முதலில் வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். பால் விடாத இளம் டீயின் நிறம், அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரிகிற தெளிவு. மேலே கெட்டியான நுரை. யார்க்‌ஷயரில் பம்பின் மூக்கில் சின்னத் துளைகள் போட்ட மூடி ஒன்றை மாட்டியிருப்பார்கள். பீர் அதன் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும்போது, டவரா டம்ளரில் காபி ஆற்றுகிற வேலை நடந்துவிடும். லண்டன் பக்கம் அந்த மூடியை மாட்ட மாட்டார்கள், நுரை சும்மா பேருக்குத்தான் நிற்கும். ஆற்றினால் கேஸும் வாசமும் போய்விடுகிறது என்பது தெற்கத்தி ஆட்களின் கட்சி. எனக்கு ஆற்றினதுதான் பிடிக்கும். கும்பகோணத்தில் பிறந்தவனிடம் வேறு பதில் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் மூக்கு. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின வாசம், காய்ந்த புல், அடியில் மேரி பிஸ்கெட். பழமும் புல்லும் ஹாப்ஸ் பூவிலிருந்து, பிஸ்கெட் முளைகட்டிச் சூட்டில் உலர்த்திய பார்லியிலிருந்து. இப்போது ஒரு வாய் நிறைய எடுத்து விழுங்குங்கள். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புவார்கள், பீர் பார்ப்பவர்கள் துப்புவதில்லை. ஏனென்றால் இதில் கதை தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. முதலில் லேசான இனிப்பு, நடுவில் எலுமிச்சைத் தோல், விழுங்கி இரண்டு மூன்று விநாடி கழித்துக் கசப்பு மெல்ல மேலே வரும். வேப்பம்பூ ரசம் குடித்தால் நாக்கு அடுத்த கரண்டியைக் கேட்கும் பாருங்கள், நல்ல பிட்டரின் கசப்பு அப்படி இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் மாத்திரை விழுங்கினால் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றால் அது நல்ல கசப்பு இல்லை.

இதில் நமக்கு ஒரு சலுகை உண்டு. இங்கே பலர் கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நமக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டும் தனித்தனி. சுண்டைக்காய் வேறு, வாழைப்பூ வேறு. பிட்டரில் கசப்பு இருக்கலாம், இருக்க வேண்டும். ஆனால் ரொம்ப நேரம் கொதித்த டீ மாதிரி பல்லெல்லாம் பிடித்து இழுத்தால் அது துவர்ப்பு, அதற்கு மதிப்பெண் குறையுங்கள்.

வெதுவெதுப்பு என்று எழுதியதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலவறை 11 முதல் 13 டிகிரியில் இருக்க வேண்டும், அது மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. ஐஸ் பீருக்குப் பழகின கைக்கு அது வெதுவெதுப்பாகத் தோன்றும். இன்னும் குளிரவைத்தால் நான் மேலே சொன்ன ஆரஞ்சும் பிஸ்கெட்டும் ஒளிந்துகொள்ளும். கிளாஸ் உண்மையிலேயே அறைச் சூட்டில் இருந்தால் அது பப்பின் தப்பு, தாராளமாகச் சொல்லலாம்.

வேறு எதற்கெல்லாம் சொல்லலாம்? வினிகர் புளிப்பு, சந்தேகமே வேண்டாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை ஆப்பிள் வாசம் தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் பக்குவம் வருவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டிருக்கிறார்கள். வெண்ணெய் மிட்டாய் வாசமும் வரும், லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு ஆகாது. பர்ட்டன் ஊர்ப் பீர்களில் மட்டும் தீக்குச்சி உரசின வாசம் கொஞ்சம் வரும். அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் வருவது. அதைப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், சிரிப்பார்கள்.

திருப்பிக் கொடுப்பதென்றால் இரண்டு வாய்க்குள் கொடுத்துவிட வேண்டும். என்னைப் போல முக்கால் கிளாஸ் காலி செய்துவிட்டுப் போய் நின்றால் நன்றாக இருக்காது. ‘கொஞ்சம் புளிக்கிற மாதிரி இருக்கிறது, பார்க்கிறீர்களா’ என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த வெள்ளிக்கு இதோ ஒரு யோசனை. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ‘இன்றைக்கு எது நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது’ என்று கேளுங்கள், வேகமாக விற்கிற பீப்பாய்தான் புதுசு. கூட்டமில்லாவிட்டால் ருசி பார்க்க ஒரு மடக்குக் கேட்டாலும் கொடுப்பார்கள். திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள், ராத்திரி முழுக்கக் குழாயில் கிடந்தது உங்கள் கிளாஸில் விழக்கூடும். சைடிஷ் என்று தேடாதீர்கள், உப்புக்கடலை, சிப்ஸ், பொரித்த பன்றித்தோல், அவ்வளவுதான். சிப்ஸ் பாக்கெட்டை முழுசாகக் கிழித்து மேஜை நடுவில் விரித்து வைத்தால் உங்களைப் பல வருடம் இங்கே இருந்தவர் என்று நினைப்பார்கள்.

ரவுண்டில் எல்லோருக்கும் சமமாகக் குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 4 சதவீத பைண்ட் ஒன்று ஏறக்குறைய 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. சுத்த ஆல்கஹால்), வாரத்துக்கு 14-க்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள மருத்துவர்களின் கணக்கு. கார் எடுத்துப் போகாதீர்கள். குடிக்கவே விருப்பமில்லை என்றால் லைம் அண்ட் சோடா வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ரவுண்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் கிளாஸில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்பார்கள். ‘நைஸ்’ என்று சொல்லாதீர்கள், அது எதுவும் சொல்லாததற்குச் சமம். பிடிக்காவிட்டால் ‘எனக்கு இது சரிப்படவில்லை, ஆனால் இன் குட் நிக்’ என்று சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு இந்தப் பக்கத்து வார்த்தை அது. பிட்டர் பிடிக்காதவன் இப்படிச் சொன்னால் மேஜையே திரும்பிப் பார்க்கும்.

போன வாரம் வைத்துவிட்டு வந்த அந்தப் பாதி கிளாஸின் வாசம் இன்னும் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், தம்பி. ஆரஞ்சுத் தோலா, ஊறுகாய் ஜாடியா?