வாசகர் கேள்வி - பதில்: வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம், பணத்துக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 34. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஆதிதிராவிடர் வகுப்பு. பி.காம். படிக்க ஆசை. புதுமைப்பெண் பணம் எனக்கு வருமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வராது. மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கு மட்டும். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. நீங்கள் வேலையை விடாமல் படிக்க வேண்டியவர். அதனால் உதவித்தொகையைத் தேடி அலையும் முன், கட்டணமே இல்லாத வழியைப் பாருங்கள். இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொலைநிலையில் நடத்தும் பி.காம். உட்படப் பல படிப்புகளில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. சாதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரு படிப்புக்குத்தான் இந்தச் சலுகை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டில் கேட்டால் இரண்டு விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம். தேர்வுக் கட்டணம் தனி, எழுத்துத் தேர்வு ஒன்றுக்கு 200 ரூபாய். அதைச் சீட்டுப் பணம் மாதிரி மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இனிஷியலில். தொலைநிலையில் சேர யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) டெப் ஐடி, அதாவது தொலைநிலை மாணவருக்கான அடையாள எண், கட்டாயம். அது ஆதார் விவரத்தோடு இணைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும், பிளஸ் டூ மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே இரண்டையும் ஒன்றாக்குங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் அந்தப் பருவமே போய்விடும்.

ஒருவேளை வேலையை விட்டுவிட்டு பாரதி மகளிர் கல்லூரி போல நேரடிக் கல்லூரியில் சேர்ந்தால் (வயது வரம்பை முதலில் கேளுங்கள்), போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தருவது) கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பணம், வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐ-யில் ஆதாரோடு கடைசியாகப் பதிவான கணக்குக்கே போகும். பாஸ்புக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று கிளையில் கேளுங்கள். மறந்துபோன பழைய கணக்காகக்கூட இருக்கும்.

கேள்வி: வயது 38. டிப்ளமோ முடித்தவன். நேரடி பி.இ. படிக்கக் கடன் கேட்டால், வயதாகிவிட்டது என்கிறது வங்கி.
- வாசகர், எண்ணூர்

பதில்: வங்கிகள் பின்பற்றும் ஐபிஏ (இந்திய வங்கிகள் சங்கம்) மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வயது வரம்பு கிடையாது. 4 லட்சம் வரை அடமானமோ மார்ஜினோ (செலவில் நீங்கள் போட வேண்டிய பங்கு) கேட்கக் கூடாது. திருமணமானவர் என்றால் மனைவி இணைக் கடன்தாரராகலாம். அப்பா கையெழுத்துக்காக நிற்க வேண்டாம். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்படித் தர வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. தவணை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தபோதெல்லாம் 500, 1,000 என்று வட்டிக்குக் கட்டிவிடுங்கள்.