ஊருக்குப் போன ஆச்சி

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. மாமியார் இறந்து நாலு மாதமாகிறது. குழந்தை தாங்கமாட்டாள் என்று ‘ஆச்சி ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லிவிட்டோம். இப்போது தின்பண்டம் எது கொடுத்தாலும் பாதியை ஆச்சிக்கென்று ஒரு சம்படத்தில் எடுத்து வைக்கிறாள். நேற்று திறந்தால் முறுக்கெல்லாம் எறும்பு. உண்மையைச் சொல்லிவிடலாமா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சொல்லிவிடுங்கள், சகோதரி. இந்த வாரமே.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்கிறோம். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொல்கிறோம். அதெல்லாம் இருக்கட்டும். நிலாவிலிருந்து வடை வருமென்று எந்தப் பிள்ளையும் தட்டோடு காத்திருப்பதில்லை. ஆனால் உங்கள் மகள் காத்திருக்கிறாள்.

என் தாத்தா தவறியபோது எனக்கு 7 வயது. வைத்தியத்துக்கு மதுரை போயிருக்கிறார் என்றார்கள். பல மாதம், பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியம்மா மகன்தான் போட்டு உடைத்தான். தாத்தா போனதைவிட, எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையே என்பதுதான் வெகுநாள் வலித்தது. உங்கள் மகளுக்கும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அது நீங்களாக இருங்கள்.

மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு, 1948-இல் ஆய்வாக வெளியிட்டார். 5 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் சாவை எங்கோ போவதாகவோ, தூக்கமாகவோதான் நினைத்தார்கள். உங்கள் மகள் அந்த நினைப்பைத் தாண்டும் வயதில் இருக்கிறாள். ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்ற சொல்தான் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

மடியில் உட்காரவைத்து, ‘இறந்துட்டாங்க’ என்ற சொல்லையே சொல்லுங்கள். ‘தூங்கிட்டாங்க’ வேண்டாம், அதைக் கேட்டுவிட்டு ராத்திரி கண்மூடப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. “ஆச்சி உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க. முதல்லயே சொல்லாதது எங்க தப்பு” - இவ்வளவு போதும். சாமியிடம் போய்விட்டார் என்பது உங்கள் நம்பிக்கையென்றால், அதை இதற்கு அப்புறம் சொல்லுங்கள்.

அழுவாள். நீங்களும் அழலாம். அல்லது சரி என்று விளையாட ஓடிவிட்டு, நாளைக்கு மறுபடி அதையே கேட்பாள்; சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். ‘நீயும் செத்துப்போவியாம்மா?’ என்று கேட்டால், எல்லாரும் ஒருநாள் இறப்பார்கள், அம்மா ரொம்ப நாள் உன்கூட இருக்கத்தான் நினைக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சம்படத்தை நீங்களாகக் கொட்டிவிடாதீர்கள். என்ன செய்யலாம் என்று அவளிடமே கேளுங்கள். ஆச்சி படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும் என்றால், எறும்பில்லாத முறுக்காக ஒன்று எடுத்துக் கொடுங்கள்.