தனி ஆளாக அரசியல் வலைப்பதிவு நடத்தினால் செல்வாக்கு வருமா? என்னென்ன சிக்கல் வரும்?

செல்வாக்கு வரும். ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இருக்காது. பதிவை எத்தனை ஆயிரம் பேர் படித்தார்கள் என்பது அரசியல் எழுத்தில் பெரிய கணக்கே இல்லை. படித்த ஐம்பது பேரில் ஒரு நிருபர், ஒரு எம்.எல்.ஏ.வின் உதவியாளர், பொதுநல வழக்கு போடும் ஒரு வக்கீல் இருந்தால் போதும். நீங்கள் தோண்டி எடுத்த எண் டி.வி. விவாதத்தில் ஏறிவிடும். உங்கள் பெயர் ஏறாது. அதற்கு மனசு ஒப்பாதவர்கள் யூடியூப் பக்கம் போவது நல்லது.

2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் தொடங்கின. 2004ல், புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்தது. பின்னூட்டச் சண்டை, எதிர்பதிவு எல்லாம் பிறகு ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் குடிபோய்விட்டன. வலைப்பதிவு செத்துவிட்டது என்று அப்போது எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மூன்று மணி நேர விவாதக் காணொளிக்குள் ஒரு எண்ணைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஒரு தொகுதியின் சாவடிவாரிக் கணக்கை அட்டவணையாகப் போட்ட பதிவு ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தலிலும் தேடுபொறியில் வந்து நிற்கும். இன்று தனிப் பதிவரின் பலம் அதுதான். கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்கிற ஆள்தான் குறைவு. கீழே நான் சொல்வது தமிழ்நாட்டை, அதாவது இந்தியச் சட்டத்தை வைத்து.

முதலில் வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு வருமானம், வழக்குகள், அசையும் அசையாச் சொத்து, அரசுக்குள்ள பாக்கி, அரசு ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் உண்டு. இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, "சொத்து ஐந்து மடங்கு உயர்ந்தது" என்கிற தலைப்பு. அசையாச் சொத்துக்கு வாங்கிய விலையும் இன்றைய சந்தை மதிப்பும் தனித்தனியாக இருக்கும். இரண்டு தேர்தலின் சந்தை மதிப்பை ஒப்பிட்டால், ஒரு சென்ட் கூடப் புதிதாக வாங்காதவரும் கோடீஸ்வரர் ஆகிவிடுவார். சர்வே எண்ணை வரிசையாக ஒப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தது எது, பரம்பரைச் சொத்து எது என்று பிரித்த பிறகுதான் கூட்டல். இன்னொன்று வழக்குகள். "இவர்மீது 22 வழக்கு" என்று எழுதுவது எளிது. பிரிவுகளைப் பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 143, 188, 341 என்று வரிசையாக வந்தால் அவை பெரும்பாலும் மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம். தமிழ்நாட்டில் கட்சி வேலை பார்த்தவர் யாருக்கும் அது இல்லாமல் இருக்காது. 420 (மோசடி), 409 (பொறுப்பில் இருப்பவர் செய்யும் கையாடல்), ஊழல் தடுப்புச் சட்டம் என்று வந்தால்தான் எஃப்.ஐ.ஆர். நிலையா, குற்றச்சாட்டு வனையப்பட்டதா, தண்டனையா என்று மேலே போக வேண்டும். இந்த மூன்றையும் கலந்து எழுதுவது வாசகனை ஏமாற்றுவது மட்டுமல்ல, அவதூறு வழக்குக்கு நேர்வழியும் அதுதான்.

அடுத்தது படிவம் 20, சாவடிவாரி முடிவு. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். பல தொகுதிகளுக்கு வெறும் ஸ்கேன் படம்தான். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருளில் போட்டால் 3 என்பது 8 ஆகும், 1 காணாமல் போகும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, தாளில் உள்ள மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று சூத்திரம் போட்டுப் பார்க்காமல் வெளியிடக் கூடாது. அஞ்சல் வாக்கு சாவடிக் கணக்கில் வராது, கடைசியில் தனியாக இருக்கும். நோட்டாவுக்குத் தனிப் பத்தி. இதைவிடப் பெரிய பொறி, சாவடி எண். 2016ன் 45ஆம் சாவடியும் 2021ன் 45ஆம் சாவடியும் ஒரே தெரு என்று எடுத்துக்கொண்டால் மொத்த ஆய்வும் குப்பை. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் சாவடி சீரமைப்பு நடக்கும். 2021ல் கொரோனாவுக்காகத் துணைச் சாவடிகளும் சேர்ந்தன. பள்ளியின் பெயரையும், வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள தெருக்களையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். சாதி வாக்கு, சிறுபான்மை வாக்கு என்று அடித்துவிடும் பலர் இந்த வேலையைச் செய்ததில்லை என்பது என் அனுமானம்.

பட்ஜெட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு மூன்றும் வேறு. போன வருஷத்து உண்மைக் கணக்கையும் இந்த வருஷத்துத் திட்ட மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்து "ஒதுக்கீடு எகிறியது" என்று ஆளுங்கட்சிப் பதிவரும், தலைகீழாக வைத்து "வெட்டப்பட்டது" என்று எதிர்க்கட்சிப் பதிவரும் எழுதுவார்கள். மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும். பழைய குறிப்புகள் சில யூனிகோடு அல்லாத, 'வானவில்' போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் கோணல்மாணலாக வரும், பி.டி.எஃப்.புக்குள் தேடினால் எதுவும் சிக்காது. 'இந்த ஆவணத்தில் அந்தச் சொல்லே இல்லை' என்று அறிவிக்கும் முன் யூனிகோடுக்கு மாற்றித் தேடுங்கள்.

இணையத்தில் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனு தோற்பதற்குப் பெரும்பாலும் கேள்வி கேட்ட விதமே காரணம். "ஏன் இந்த டெண்டர் அந்த நிறுவனத்துக்குப் போனது?" என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தருவது அரசு ஆவணத்தில் உள்ளதை மட்டும். "இன்ன தேதியிட்ட, இன்ன எண் டெண்டரின் ஒப்பீட்டு அறிக்கை நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு பொருள். 2025 நவம்பரிலிருந்து ஒரு புதுச் சுவரும் எழுந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே) திருத்தப்பட்டு, 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்கிற பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்னவென்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதே தரவுச் சட்டத்தின் முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு இருந்த விலக்கு, 2023ல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை. பதிவருக்கு இது கவலை தரும் விஷயம்.

இனி அடி விழுகிற இடம். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அதோடு ஆபத்து போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அவதூறு இன்றும் கிரிமினல் குற்றம்தான். இ.த.ச.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356, இரண்டு ஆண்டு வரை சிறை. (இலங்கை 2002லேயே கிரிமினல் அவதூறை நீக்கிவிட்டது.) 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது சிவில் வழக்கில் முழுத் தற்காப்பு, கிரிமினலில் அது பாதிதான். உண்மையாகவும் இருக்க வேண்டும், பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும். ஒரு அமைச்சரின் துறை டெண்டர் பொதுநலன். அவர் மகளின் கல்யாண வாழ்க்கை பொதுநலன் அல்ல, எவ்வளவு உண்மையாக இருந்தாலும். அமைச்சர் தன் கையால் வழக்குப் போடக்கூடத் தேவையில்லை. அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் புகார் தரலாம்.

உங்கள் பக்கம் நிற்கும் தீர்ப்பு 1994ன் ராஜகோபால் வழக்கு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக எழுந்தது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடுவது அந்தரங்கத்தில் தலையிடுவது ஆகாது. அலுவலகக் கடமை தொடர்பான விமர்சனத்துக்குப் பொது ஊழியர் நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், எழுதியது பொய், அது உண்மையா என்று பார்க்காமலே எழுதப்பட்டது என்று நிறுவ வேண்டும் என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. 'பார்க்காமலே' என்பதுதான் பிடி. பார்த்ததற்கு உங்களிடம் சான்று இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்குக் கேள்வி அனுப்பிய மின்னஞ்சல், அதன் தேதி, 48 மணி நேரமாவது காத்திருந்தது, பதில் வராவிட்டால் அதையும் பதிவில் சொன்னது. பத்திரிகையில் இதைச் செய்ய ஆசிரியர் குழு இருக்கிறது. தனிப் பதிவருக்கு இல்லை என்பதால்தான் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்து மாட்டுகிறார்கள்.

சான்றைச் சேமிப்பதற்கும் முறை உண்டு. அமைச்சரின் எக்ஸ் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. முகவரிப் பட்டை தெரியும்படி முழுத் திரையையும் பதிவு செய்யுங்கள், இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமியுங்கள், கோப்பின் ஷா-256 ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) அன்றே எடுத்துக் குறித்துவையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ன் கீழ் மின்னணுச் சான்றுக்குத் தரும் சான்றிதழில் அந்த ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துச் 'சேமிக்காதீர்கள்'. படமும் காணொளியும் அமுக்கப்பட்டு ஹாஷ் மாறிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் முதலில் மூச்சு விடுங்கள், அது நீதிமன்ற உத்தரவு அல்ல. ராத்திரியோடு ராத்திரியாகப் பதிவை அழிப்பது, நோட்டீஸையே கிண்டலடித்து இன்னொரு பதிவு போடுவது இரண்டும் கெடுதல். அவர்கள் ஆட்சேபிக்கும் வாக்கியம் எது, அதற்கு உங்களிடம் ஆவணம் எது என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டு வக்கீலிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு வரிக்கு ஆவணம் இல்லையென்றால் அந்த வரியை மட்டும் தேதி போட்டுத் திருத்துங்கள். வழக்கு தொடுத்த கையோடு இடைக்காலத் தடை வாங்கிவிடுவது வாடிக்கை. 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு முன்பே கட்டுரையை முடக்குவது அரிதாகவே நடக்க வேண்டும் என்றது. வக்கீலுக்கு அதைச் சொல்லிவையுங்கள்.

இணையப் பக்கத்தை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் முடக்கம் வந்தால் கதை வேறு. அந்த நடைமுறையே ரகசியம். உங்களுக்குத் தகவல் வராமலே, இந்தியாவில் மட்டும் பக்கம் திறக்காமல் போகலாம். 2021ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களைப் 'பதிப்பாளர்' ஆக்குமா என்ற கேள்வியும் உண்டு. தொழிலாகவோ வணிகமாகவோ முறையாக நடத்தாத தனிநபருக்கு விலக்கு இருக்கிறது. விளம்பரமும் சந்தாவும் வந்தபின் அந்த விலக்கு கேள்விக்குறி. நெறிமுறைக் கட்டாயத்தைச் சொல்லும் 9(1), 9(3) விதிகளுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுக்கப் பொருந்தும் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

பணம். கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018ல்தான். அரசியல் பதிவுக்கு அதில் கிடைப்பது வழங்கி (சர்வர்) கட்டணத்துக்குக் காணும் என்ற அளவில் எதிர்பாருங்கள். வாசகர் நன்கொடைதான் வழி என்று முடிவெடுத்தால் வெளிநாட்டுத் தமிழர் விஷயத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் இருப்பவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதி ஆகாது. கனடாக் குடியுரிமை எடுத்தவர் தந்தால் அது வெளிநாட்டு நிதி. நடப்புச் செய்தியை ஒலியாகவோ காணொளியாகவோ தயாரிக்கும் சங்கமோ நிறுவனமோ அதை வாங்குவதை வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 3ஆம் பிரிவு தடுக்கிறது. நிறுவனமாகப் பதிவு செய்து, பக்கத்தில் ஒரு பாட்காஸ்டும் நடத்துகிறவர்கள் ஆடிட்டரைப் பார்க்காமல் வெளிநாட்டுப் பணத்தைத் தொட வேண்டாம். புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: யு.பி.ஐ. க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தாலே வங்கிக் கணக்கில் உள்ள உங்கள் பெயர் திரையில் வந்துவிடும்.

தகவல் தந்தவரைக் காப்பாற்றும் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் நடைமுறையில் இல்லை. அதனால் கசிந்த கோப்பின் ஸ்கேனை அப்படியே ஏற்றாதீர்கள். ஓரத்தில் உள்ள சுருக்கொப்பம், மடிப்பு, நகல் எண் எதை வைத்தும் யார் மேஜையிலிருந்து வந்தது என்று துறையில் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தேவையான பகுதியைத் தட்டச்சு செய்து போடுங்கள். மூலத்தை வெளியே காட்டாமல் வையுங்கள். பி.டி.எஃப். பண்புகளில் 'ஆசிரியர்' பகுதியில் அலுவலகக் கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் துடையுங்கள்.

தேர்தல் நேரத்தில் மறக்கக் கூடாதது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ. முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பை இணையத்திலும் வெளியிடக் கூடாது. தண்டனை இரண்டு ஆண்டு வரை. தமிழ்நாட்டில் ஒரே கட்டமாக முடிந்தாலும், வடக்கே எங்கோ ஏழாம் கட்டம் பாக்கி இருந்தால் தடை தொடரும்.

கடைசியாக, கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாகரில் தொடங்குவதாக இருந்தாலும் சொந்த டொமைன் வாங்கி அதோடு இணையுங்கள். 2020ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியே கூகுளின் கையைவிட்டுப் போய், அந்த வடிவில் கொடுக்கப்பட்டிருந்த பழைய தமிழ்ப் பதிவு இணைப்புகள் செத்தன. விவரம் தெரிந்தவர்கள் 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றித் திறந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பதிவு இல்லாதது போலத்தான். மாதம் ஒரு முறை முழு வலைப்பதிவையும் ஒரு பிரதியாக இறக்கி, வீட்டில் இல்லாத ஒரு வன்தட்டில் வையுங்கள். விசாரணை என்று வந்தால் வீட்டில் இருக்கும் லேப்டாப்பும் ஃபோனும்தான் முதலில் போகும்.